கோத்தா பாருவிலிருந்து என்னைக் கூட்டி வந்த ஜெபம்

என் வீட்டுக்காரருக்குப் பார்வை போன அடுத்த வருடமே எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கிளந்தான் மாநிலம், கோத்தா பாரு. எம்சிஓ ஊரடங்கு முடிந்து எல்லாரும் அப்போதுதான் வெளியே வந்து மூச்சுவிட்ட நேரம். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. ஆபீஸ் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

ஆண்டவருக்குள் பிரியமானவர்களே, எனக்கு மைக்கைப் பிடித்துப் பேசிப் பழக்கமில்லை. அரசாங்கச் சட்ட அலுவலகத்தில் நிர்வாக உதவியாளர் நான். கவுண்டருக்குப் பின்னால் உட்கார வைத்தால் சாயங்காலம் வரைக்கும் பேசுவேன். சத்தியப் பிரமாணப் பத்திரம் தட்டச்சு செய்தே தலை நரைத்துவிட்டது. அதில் கண்டதையும் கேட்டதையும்தான் எழுதுவோம், அலங்காரம் கிடையாது. இந்தச் சாட்சியையும் அப்படித்தான் சொல்லப்போகிறேன். இதில் ஒரு முஸ்லிம் சகோதரி வருகிறார். "அதைச் சபையில சொல்லணுமா அக்கா?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். நடந்ததில் பாதியை வெட்டிவிட்டு எப்படிம்மா சாட்சி சொல்வது?

பினாங்கு ஜார்ஜ்டவுனில் எங்கள் பழைய ஆபீஸை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இளகிவிடும். உயரமான கூரை, கடகடவென்று சுற்றும் காற்றாடி, மழை பெய்தால் ஜன்னலோரத்து ஃபைல்களை எல்லாம் தூக்கிக்கொண்டு ஓடுவோம். விவாகரத்துக்கு வருகிறவர்கள், பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லாமல் வருகிறவர்கள், மலாய் தெரியாத நம் பாட்டிமார்கள் என்று கவுண்டரில் கூட்டம் அலைமோதும். மத்தியானம் ஆனால் நானும் தோழிகளும் லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடுவோம். மார்க்கெட் ஸ்திரீட்டில் மசாலா வாசனையும் பாட்டுச் சத்தமும் சேர்ந்து ஆளைத் தள்ளும். திரும்பும்போது வடை வாங்கி வருவோம். எங்கள் ஆபீஸ் வக்கீலம்மாவுக்கு இரண்டு, மீதி எங்களுக்கு.

என் வீட்டுக்காரர் அப்போது துறைமுகத்தில் லாரி ஓட்டினார். சாயங்காலம் ஆபீஸ் வாசலில் மோட்டார் சைக்கிளோடு நிற்பார். அந்தச் சத்தம் கேட்டாலே தோழிகள், "மேரி, மாப்பிள்ளை வந்துட்டாரு லா!" என்று கேலி செய்வார்கள். பிறகு இனிப்புநீர் வியாதி அவர் இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. ஆறு மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனிதர், மெல்ல மெல்லத் தடவிப் பழகி, ஜெலுத்தோங்கில் எங்கள் ஃப்ளாட்டில் லிஃப்ட் பிடித்து, கீழே கோப்பிக் கடை வரைக்கும் தனியாகப் போய்வரக் கற்றுக்கொண்டார். அந்தக் கட்டிடம்தான் அவருக்கு உலகம். அவரைப் பிடுங்கி வேறு ஊரில் நட முடியாது. நான் வேலையை விட்டால் அவருடைய மருத்துவச் சலுகை போய்விடும். மேல்முறையீடு எழுதினேன். ஒரே வரியில் நிராகரித்துவிட்டார்கள்.

"அழுவாதலா மேரி," என்றார் அவர். "கிளந்தான் என்ன கடலுக்கு அந்தப் பக்கமா இருக்கு? பஸ் இருக்குல்ல?"

அவருடைய தங்கை வந்து துணைக்கு இருந்தாள். நான் போனேன்.

கோத்தா பாரு மக்கள் நல்லவர்கள். நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரம்மா எனக்கென்று காரம் குறைத்து நாசி கெராபு சோறு கொண்டுவந்து கொடுப்பார். ஆனால் அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். உங்களுக்கெல்லாம் அது சின்ன விஷயமாகத் தெரியலாம். பிறந்ததிலிருந்து ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதவள் நான். நீங்கள் இங்கே பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அங்கே நான் யாரோ ஒருவருடைய ஜீவனாம்ச மனுவைத் தட்டிக்கொண்டிருப்பேன். வியாழன் சாயங்காலம் பஸ் ஏறி, விடியும் நேரத்தில் வீடு சேர்ந்து, சனிக்கிழமை மறுபடியும் பஸ். அவரோடு சாப்பிட்டதைவிட பஸ்ஸில் தூங்கியதுதான் அதிகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை போன் செய்தாள். அவள் பாசாருக்குக் காய் வாங்கப் போயிருந்த நேரத்தில், தானே கோப்பி கலக்கப் போய், கொதிக்கிற தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டாராம். போனை வாங்கி அவர், "ஒண்ணுமில்ல, லேசாதான்," என்றார். நான் ஃபைல் அறைக்குள் போய், அலமாரிகளுக்கு நடுவே முழங்காலில் நின்றேன். பெரிய ஜெபம் எல்லாம் வரவில்லை. "ஆண்டவரே, ஒரே ஒரு ஆளை அனுப்பும். எனக்குப் பதிலாக ஒரு ஆள்." அவ்வளவுதான் சொன்னேன்.

ஏன் ஒரு ஆள் என்றால், அரசாங்கத்தில் 'சுக்கா சாமா சுக்கா' என்று ஒரு வழி உண்டு. ஒரே கிரேடில் இருக்கும் இரண்டு பேர் மனமொத்து இடம் மாறிக்கொள்ளலாம். ஆனால் எங்கள் வேலையில் ஆட்கள் குறைவு. பெயர் கொடுத்துப் பல மாதமாகியும் பினாங்கிலிருந்து ஒருவரும் வரவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை என் மேசைத் தொலைபேசி அடித்தது. பினாங்கு மாநிலத்தில்தான், தீவுக்கு எதிர்க்கரையில், செபராங் ஜெயாவில் இருக்கும் ஓர் அரசாங்கச் சட்ட அலுவலகத்திலிருந்து. நீதிமன்றப் பதிவகத்தில் ஒரு ஃபைலைப் பற்றி விசாரிக்க நினைத்து, எண்ணை மாற்றி அடித்துவிட்டார் ஒரு பெண். நான் சரியான எண்ணைச் சொன்னேன். வைக்கப் போனவர் தயங்கினார். மலாயில் பேசியதை நம் பேச்சில் சொல்கிறேன்.

"அக்கா, நீங்க பேசுறது கிளந்தான் மலாய் இல்லையே?"

"நான் பினாங்கும்மா. நீ பேசுறதும் பினாங்கு மலாய் இல்லையே?"

"எனக்குக் கோத்தா பாரு."

நான் போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டேன். பிறகு அவர் கேட்டார், "அக்கா, உங்க கிரேடு என்ன?"

சொன்னேன். அவருக்கும் அதே கிரேடு. அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. ரொஹானி என்பது அவர் பெயர். அவருடைய அம்மா போன மாதம்தான் பக்கவாதத்தில் விழுந்திருக்கிறார். இன்னும் மாற்றலுக்கு விண்ணப்பிக்கக்கூட இல்லை. "ஒவ்வொரு தொழுகையிலயும் கேக்குறேன் அக்கா, யாராச்சும் ஒருத்தர அனுப்புன்னு," என்றார்.

உடனே நடந்துவிட்டது என்று சொன்னால் பொய். நான் அங்கே போய் ஒரு வருடம் முடியவில்லை என்று முதல் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஆண்டவர்மேல் கோபமே வந்தது. காட்டிவிட்டுப் பறிக்கிறீரா என்று கேட்டேன். ரொஹானிதான் போன் செய்து, "காத்திருப்போம் அக்கா. நான் உங்க வீட்டுக்காரருக்காகக் கேக்குறேன், நீங்க எங்கம்மாவுக்காகக் கேளுங்க," என்றார். அப்படியே செய்தோம். முகம் பார்க்காத ஒரு தாய்க்காக நான் தினமும் முழங்காலில் நின்றேன். அதுவரைக்கும் என் ஜெபமெல்லாம் என் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

இரண்டாம் முறை அனுமதி கிடைத்தது. இருவரும் ஒரே நாளில் புறப்பட்டோம், நான் மேற்கே, அவர் கிழக்கே. வழியில் கிரிக் என்ற ஊரில் சந்திப்பதென்று பேசிக்கொண்டோம். அடையாளத்துக்கு இரண்டு பேரும் ஆபீஸ் பெயர் அட்டையை மாட்டிக்கொண்டு வந்தோம், அரசாங்க ஊழியர் புத்தி வேறெங்கே போகும்? சாப்பாட்டுக் கடை வாசலில் தன் அண்ணனுடைய கார் பக்கத்தில் ரொஹானி நின்றிருந்தார், என்னைவிட ரொம்பச் சின்னவள். ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"ஒரு ஆளக் கேட்டேன் அக்கா. நீங்க வந்தீங்க," என்றாள்.

நான் சொல்ல வைத்திருந்த வார்த்தையை அவள் சொல்லிவிட்டாள். பஸ்காரர் ஹாரன் அடிக்கிற வரைக்கும் நாங்கள் கையை விடவில்லை.

இப்போது எனக்குச் செபராங் ஜெயாவில் வேலை. காலையில் ஃபெரிப் படகில் கடலைத் தாண்டிப் போகிறேன், சாயங்காலம் திரும்பி வந்து அவரோடு கோப்பி குடிக்கிறேன். கால் புண் ஆறிவிட்டது. பார்வை வரவில்லை, அதையும் மறைக்க மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர் கையைப் பிடித்து இந்த ஆலயத்துக்குள் கூட்டி வருகிறேனே, அது எனக்குப் போதும். அன்று சபித்த கோத்தா பாருவைக்கூட இன்று ஆசையாக நினைக்கிறேன். கவுண்டருக்கு யார் வந்து உட்கார்ந்தாலும், இவர் வீட்டில் என்ன பாரமோ என்று மனதுக்குள் ஒரு வார்த்தை ஜெபித்துவிட்டுத்தான் பெயர் கேட்கிறேன்.

போன வருடம் ரொஹானி போன் செய்தாள். அம்மா இறந்துவிட்டார். "கடைசி வரைக்கும் என் கையாலதான் கஞ்சி குடிச்சாங்க அக்கா," என்றாள். போனை வைத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. கோத்தா பாருவில் நான் அழுத ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், அந்த அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டப்போகிற பிள்ளைக்காக நான் ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருந்திருக்கிறேன். அன்று எனக்குத் தெரியவில்லை. ஆண்டவருக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே, பதில் வரவில்லையே என்று கலங்கி உட்கார்ந்திருப்பவர்களே, அவரை நம்பிக் கேட்டுக்கொண்டே இருங்கள். இந்த நேரத்தில் எங்கேயோ ஒருவர், உங்களைத்தான் அனுப்பச் சொல்லி அவரிடம் அழுதுகொண்டிருக்கலாம்.