அப்பா பிடித்த கை

தாம்பரம் கிளினிக்கில் மருத்துவர் என் மகளின் ஈறில் ஒரு சிறு கருவியை வைத்து அழுத்தினார். 'டப்' என்று சத்தம். ஊசியே இல்லாமல் மரத்துப்போகும் மருந்து இறங்கிவிட்டது.

அறையில் இருந்த கிராம்பு எண்ணெய் வாடையில் எனக்கு எட்டு வயதாகிவிட்டது. அன்று பல் பிடுங்க, "ஊசியெல்லாம் போட மாட்டாங்கம்மா" என்று சொல்லித்தான் அப்பா என்னை இரும்புலியூரிலிருந்து சைக்கிளில் கூட்டிவந்தார். ஊசியைக் கண்டு நான் திமிறியபோது, என் கைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டவரும் அவர்தான்.

திரும்பும் வழியில் ஐஸ்கிரீம் வாங்கி நீட்டினார். நான் தொடவில்லை. அது உருகி அவர் முழங்கைவரை வழிந்தது.

"அப்பா மேல கோவமாம்மா?"

நான் போய் சைக்கிள் கேரியரில் ஏறிக்கொண்டேன். அதன்பின் சாலையைக் கடக்கும்போதுகூட அவர் கையைப் பிடித்ததில்லை. அடுத்த வருடமே மாரடைப்பில் போய்விட்டார்.

பல்லை எடுத்ததும் நாற்காலியிலிருந்து இறங்கிய மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏம்மா அழறே? எனக்கே வலிக்கலியே."