ஜீனுக்குப் போகும் வழியில்

ரத்தம் எடுப்பது சுலபம். எடுத்த பிறகு விளக்கம் சொல்வதுதான் இந்தத் தொழிலில் ஆளைக் கொல்லும். விளக்கம் சொல்லி மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு இது புரியும். நகரத்து ஆராய்ச்சிக்கூடத்தில் பல வருடம் ஆங்கிலத்தில் ஜீன்களைப் பற்றிப் பேசிவிட்டு, ஊர் திரும்பி, மலைமேல் செம்மேட்டில் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறேன்.

நோயின் பெயர்

திருப்புலி நாடு என்ற பக்கத்து ஊரின் மிளகு விவசாயி ரங்கசாமி, டாக்டர் சீட்டோடு மனைவி செல்லம்மாவை அழைத்து வந்தார். உச்சி வெயிலிலும் அந்தம்மாவுக்குப் போர்வை. மரவள்ளிக் கிழங்கு உரிக்கும்போதே தூங்கிவிடுகிறாராம். நான் நரம்பைத் தேடுவதற்குள் ரங்கசாமி நோயையே கண்டுபிடித்துவிட்டார்: “சோம்பேறித்தனமுங்க சார். மிளகு பறிக்கறதுக்குள்ள சரியாவலீன்னா அப்பனூட்டுக்கே கொண்டுபோயி உட்டுருவேன்.”

உள்ளே நடப்பது

தைராய்டு சுரப்பு குறைவு என்று முடிவு வந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். நாலே நாளில் ரங்கசாமி செல்லம்மாவோடு திரும்பி வந்தார், மாத்திரைக்கு நோய் கேட்கவில்லை என்று.

ஆங்கிலத்தில் எனக்கு நன்றாகப் புரிந்திருந்த விஷயம். தமிழில் சொல்லும்போதுதான் வியர்த்தது. மாத்திரையின் ஹார்மோன் செல்லுக்குள் போய், சற்று உருமாறி, அதன் உட்கருவில் நுழையும். அங்கே ஜீனின் மேல் ஒரு புரதம் ஏற்கெனவே உட்கார்ந்து அதை மூடி வைத்திருக்கும். ஹார்மோன் வந்து ஒட்டினால், மூடிய அதே புரதமே திறந்துவிடும். சூடு, சுறுசுறுப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான், வாரக்கணக்கில் ஆகும். ரங்கசாமி கவனமாகக் கேட்டார். “ஒருத்தன் மூடிட்டு உக்காந்திருக்கான், உத்தரவு வந்தாத்தான் தெறப்பான். அப்ப உள்ளுக்குள்ளயும் ஆபீஸுதானுங்களா?”

பந்தி

டாக்டர் சொன்ன கெடு முடிந்து மறுபடி ரத்தம் எடுத்தோம். அளவு அசையவே இல்லை. கருவியைச் சந்தேகித்தேன், பிறகு என் படிப்பையே சந்தேகித்தேன். கடைசியில்தான், மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று செல்லம்மாவைக் கேட்கத் தோன்றியது. “சுறுசுறுப்பு மாத்திரைன்னு தெரிஞ்சதும் எங்கத்தை, இவரோட ஆத்தா, தெனமும் அதை ஊட்ல எல்லாத்துக்கும் பிச்சுப் பிச்சுக் குடுத்தாங்க. நாங் கடைசியாத்தானுங்களே சாப்பிடுவேன்? மிஞ்சற தூளு எனக்கு.”

பறிப்பு முடிந்து

அன்றிலிருந்து மாத்திரை செல்லம்மாவின் சுருக்குப் பையில். யாரும் எழுமுன், வெறும் வயிற்றில், முழுசாக. மிளகுப் பறிப்பு முடிந்து இருவரும் வந்தபோது போர்வை இல்லை. அளவும் சரியாக இருந்தது. ரங்கசாமி என் காதருகே குனிந்தார்: “இனி நிறுத்திடலாமுங்களா? எதுத்து எதுத்துப் பேசறா.”

டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், அது காதில் விழுந்த செல்லம்மா எழுந்துவிட்டார். “எம் பேச்சும் மூடியிருந்த ஜீனுதானுங்க, இப்பத்தான் தெறந்திருக்குது. அப்பனூட்ல உடறேன்னீங்களே, வாங்க, பஸ்ஸு நிக்குது. நாலு நாள் விருந்தாடிட்டு வாரேன். மாத்திரை பையில இருக்குது.”

ஹார்மோன் உட்கருவுக்குப் போய்ச் சேரும் பாதையை விஞ்ஞானிகள் துல்லியமாக வரைந்துவிட்டார்கள்; அதில் மாமியாரைக் குறிக்கத்தான் விட்டுவிட்டார்கள்.