யாருடைய தொண்ணூற்றெட்டு?

போன செவ்வாய்க்கிழமை வந்த கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. அதனால் இந்த வாரம் நீங்கள்தான் கேட்டாக வேண்டும்.

நான் நர்ஸ் என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். எங்கள் சின்ன ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டுப் புண்ணியவான்கள் யாரோ ஒரு மெஷின் அனுப்பியிருக்கிறார்கள். விரலில் கிளிப்பை மாட்டினால் போதும் — ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சிவப்பாக நம்பர் காட்டும். ஊசி குத்த வேண்டாம். வந்த நாளிலிருந்து வார்டில் எல்லோரும் நோயாளியை விட்டுவிட்டு மெஷினைத்தான் பார்க்கிறார்கள்.

அன்று காலை திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து செல்லம்மா என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். நிமோனியா. கூடவே புருஷன் முத்துசாமி. கிளிப்பை மாட்டினேன்... நம்பரே வரவில்லை. எப்படி வரும்? விரலெல்லாம் கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்திருக்கிறது. குளிரில் சில்லிட்டும் கிடக்கிறது. உதவிக்கு வந்த அட்டெண்டன்ட் கிளிப்பைச் சுற்றிப் பிளாஸ்டர் போட்டு இறுக்கப் பார்த்தார்.

"இறுக்குனா ரத்தம் ஓடாதுங்க, விரல் புண்ணாயிரும். விடுங்க" என்று தடுத்தேன். வெந்நீரில் கையைக் கழுவி, தேய்த்துச் சூடாக்கி மாட்டியதும் தொண்ணூற்றிரண்டு வந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாயையும் வைத்தேன்.

முத்துசாமியிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: "இந்த நம்பர் தொண்ணூறுக்குக் கீழ எறங்கவே கூடாது. பார்த்துக்கங்க."

பக்கத்து வார்டில் ஒரு பிரசவம். அரை மணி கழித்துத் திரும்பினால்... தொண்ணூற்றெட்டு. சந்தோஷமாகச் சார்ட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதற்குப் பிறகுதான் செல்லம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

உதடு நீலம். மூச்சுக்குத் தவிக்கிறாள். ஆக்சிஜன் குழாய் கழன்று தலையணையில் கிடக்கிறது. அப்படியானால் இந்தத் தொண்ணூற்றெட்டு யாருடையது? வயரைப் பிடித்துக்கொண்டே போனால் அது முத்துசாமியின் கம்பளிக்குள் போகிறது. கிளிப் அவர் விரலில் இருக்கிறது!

டாக்டர் ஓடி வந்தார். குழாயை வைத்து, அவளை நிமிர்த்தி உட்காரவைத்து... பத்து நிமிஷம் என் உயிர் என்னிடம் இல்லை. மெல்ல மெல்லத்தான் அந்த நீலம் மாறியது.

பிறகு முத்துசாமியைப் பிடித்துக்கொண்டேன். "என்ன மனுஷன் நீங்க? பொண்டாட்டி செத்துப்போயிருப்பாளே..."

அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "எம்பத்தாறுன்னு வந்துருச்சுங்க மிஸ்ஸி. மெஷினு கத்த ஆரம்பிச்சிருச்சு. எறங்கவே கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? கொழுந்து நிறுக்கையில அவளுக்கு நிறை கொறைஞ்சா அரைப்பேர்தான் போடுவாங்க, அரைநாள் சம்பளந்தான் கெடைக்கும், ஏசவும் செய்வாங்க. நான் பறிச்சத அள்ளி அவ சாக்குல போட்டு முழுப்பேர் ஆக்கிருவேன். அந்த மாதிரிதாங்க..."

இறங்கினால் என்னைக் கூப்பிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னேனா? இல்லை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மாதிரி உத்தரவு போட்டுவிட்டுப் போயிருக்கிறேன். அவரும் உத்தரவை நிறைவேற்றிவிட்டார். அவருக்காவது மெஷினைப் பற்றித் தெரியாது. படித்துச் சான்றிதழ் வாங்கிய நான், முகத்தைப் பார்க்காமல் நம்பரைப் பார்த்து எழுதினேனே... அதற்கு யாரை ஏசுவது?

மறுநாள் செல்லம்மாவுக்குப் பேச்சு வந்தது. முதல் வேலையாக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர ஏசாதீங்க மிஸ்ஸி. நாந்தான் கழட்டிக் குடுத்தேன். நம்பர் கொறைஞ்சா, தோட்டத்துல மாதிரி வீட்டுக்கு அனுப்பிருவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

இப்போது கிளிப்பை மாட்டும்போதே சொல்லிவிடுகிறேன்: நம்பர் குறைந்தால் உடனே கூப்பிடுங்கள், யாரும் ஏச மாட்டோம், யாரையும் அனுப்ப மாட்டோம். எல்லோரும் நன்றாகத் தலையாட்டுகிறார்கள். ஒருவரும் நம்புவதில்லை.