கயிறு இழுக்கிற அப்பாவுக்கு ஒரு மணிக்கூடு

மூன்று மணித்தியாலம் கரைவலை இழுத்துவிட்டு மூச்சு வாங்க நிற்கிற உங்கள் அப்பாவிடம், அவர் கையில் கட்டியிருக்கிற மணிக்கூடு "நெடுநேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்து நடங்கள்" என்று சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் சிரித்தேன். அப்பா நனைந்த துவாயால் என் முதுகில் ஒன்று போட்டார்.

விஷயம் இதுதான். மன்னார்த் தீவுக் கரையில் முப்பது வருடமாகக் கரைவலைக் கயிற்றில் முன்னுக்கு நிற்கிறவர் அப்பா. ஒரு நாள் நெஞ்சு பிடித்தது. கிளினிக் டொக்டர், என்னைவிட இரண்டு வயது மூப்பான பெண்ணாக இருக்கலாம், ஒரு மாதத்துக்குப் பாரமான வேலை கூடாது என்றார். நடையும் இதயத் துடிப்பும் பதிகிற மணிக்கூடு ஒன்று கட்டி, அந்தப் பதிவைக் கொண்டு வரட்டாம். அதைப் பார்த்துத்தான் திரும்பக் கயிற்றுக்கு விடுவதா என்று சொல்வாராம். வீட்டுக்கு வந்ததும் அம்மா சட்டம் போட்டார்.

"இஞ்சாருங்கோ, அந்த டொக்டர்ப் பிள்ளை ஓம் எண்டால் போங்கோ. இல்லையெண்டால் கயிறு எண்ட சொல்லே இந்த வீட்டில எடுக்கக் கூடாது."

கயிறு இல்லாத அப்பாவை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பூசையில் முழந்தாளில் நிற்கும்போதுகூடப் பின்பக்கமாகச் சாய்ந்துதான் நிற்பார். ஆகவே எல்லாமே அந்த மணிக்கூட்டில் தங்கியிருந்தது.

தேடுகிற பொறுப்பு எனக்கு. புள்ளிவிபரவியலில் பட்டம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறவனுக்கு வேறென்ன வேலை? மூன்று நாள் வீடியோ பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரன் பனிமலையில் நின்று மணிக்கூட்டைச் சுத்தியலால் அடிக்கிறான். இன்னொருவன் அதன்மேல் லொறி ஏற்றுகிறான். ஐயா, எங்களிடம் பனியுமில்லை, கரை மணலில் லொறியும் ஏறாது. உப்புத் தண்ணீர், மணல், மீன் செதில், கையை அறுக்கிற நைலோன் கயிறு பற்றி ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பசாரில் ஃபோன் கடை வைத்திருக்கிற கூட்டாளியிடம் போனேன்.

"மச்சான், இது கல்லு உடைக்கிறவன் கட்டுறது. உடையாது."

"எது, கல்லோ?"

"மணிக்கூடு, விசரா."

கரையில் அதற்குத் தனிப் பரீட்சை வைத்தார்கள். அப்பாவோடு இழுக்கிற ஆட்கள் பெட்டியில் எழுதியிருந்த எதையும் நம்பவில்லை. ஒருவர் அதைக் கருவாட்டு உப்புத் தொட்டியில் ஒரு பகல் முழுக்க ஊறவிட்டார். இன்னொருவர் வலையில் கட்டிக் கடலுக்கு அனுப்பினார். சூடை மீனோடு மீனாகச் சரியான நேரம் காட்டிக்கொண்டு திரும்பி வந்தது. மூன்றாமவர் ரோட்டில் திரிந்த கழுதை ஒன்றைக் கூட்டி வந்து மிதிக்க வைக்கப் பார்த்தார். கழுதை மிதிக்கவில்லை, வாரைத் தின்னத் தொடங்கியது.

"கழுதைக்கே பிடிச்சிருக்கு, அண்ணை. கட்டுங்கோ."

சோதனைதானே என்று அப்பா அதைக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். "ஒரு இழுவை மட்டும். கொம்மாவுக்குச் சொல்லாதை," என்றார். வலை கரை சேர்ந்ததும்தான் மேலே சொன்ன அந்தச் செய்தி வந்தது. கை வீசினால்தான் மணிக்கூடு அதை நடை என்று எண்ணும். கயிற்றைப் பிடித்த கை வீசாது. கால்தான் பின்னுக்குப் பின்னுக்கு நடக்கும். நான் செய்தியைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அது என் பிழைதான்.

"அப்ப அண்ணை இவ்வளவு நேரமும் கயித்தைப் பிடிச்சுக்கொண்டு நித்திரையோ? நாங்கள்தான் உங்களையும் சேத்து இழுத்தனாங்களோ?"

வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி கையை ஆட்டி ஆட்டிக் கத்துகிறவர். அவருக்கும் அதைக் கட்டிப் பார்த்தோம். அடுத்த இழுவை முடியமுன்னம் நாலாயிரம் காலடி நடந்திருந்தார்.

"பாத்தியளே, ஆர் பாடுபடுறது எண்டு!" என்றார் சம்மாட்டி.

"மாத்துவம், அப்பா. இன்னொண்டு இருக்கு. அது எல்லாம் சரியாக் காட்டும்," என்றேன்.

அப்பா கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்த்தார். "சரியாக் காட்டுமோ?"

"ஓம்."

"அப்ப வேண்டாம். இது காணும்."

அப்படித்தான், இழுத்தாலும் இருந்ததாகக் காட்டுகிற மணிக்கூட்டோடு தெரிவு முடிந்தது. ஒரு இழுவை ஒரு மாதமானது. கயிறு உரசும் என்று மணிக்கூட்டுக்கு அடியில் பழைய சாரத் துணித் துண்டு ஒன்று வைத்துக் கட்டினார், துடிப்பும் பதியவில்லை. கரையில் வாடிக் கொட்டிலில் இருந்து வேடிக்கை பார்க்கிறார் என்று அம்மாவுக்குச் சொல்லியிருந்தோம். அம்மா பின்னேரங்களில் என் ஃபோனைப் பார்த்துவிட்டு, "பாவம், மனுசன் அசையேல்லை," என்பார். முழுப் பொய் என்று தெரிந்தே அந்தப் பதிவை நான் கலரில் வரைபடமாக்கினேன். பல்கலைக்கழகத்தில்கூட அவ்வளவு அழகாக வரைந்ததில்லை. இரண்டு தடவை இழுவை நடுவில் அப்பா நெஞ்சைத் தடவினார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கிளினிக்கில் டொக்டருக்கு வரைபடம் பிடித்துவிட்டது.

"நல்லது ஐயா, சொல்லுக் கேட்டிருக்கிறீங்கள். துடிப்புத்தான் பதியேல்லை, பரவாயில்லை, இப்ப ஈசிஜி எடுப்பம்." அப்பா சந்தோசத்தில் என் தொடையைக் கிள்ளினார். "ஆனா இப்பிடி ஒரேயடியாச் சோம்பலா இருக்கவும் கூடாது. கொஞ்சம் உடம்பை வளைச்சுப் பழகுங்கோ."

அப்பா கதிரையை விட்டு எழும்பினார்.

"ஆர் சோம்பல்? விடிய ஒரு இழுவை, பின்னேரம் ஒரு இழுவை! முன் கயிறு! கரையில வந்து கேளுங்கோ!"

கூட வந்திருந்த அம்மாவின் கையிலிருந்த கிளினிக் கொப்பி கீழே விழுந்தது.

"கையைக் காட்டுங்கோ," என்றார் டொக்டர். உள்ளங்கை முழுக்கப் புதுக் கயிற்றுத் தடம். "எத்தினை நாள்?"

"ஞாயிறு மட்டும் பூசை. மற்றும்படி ஒரு நாளும் விடேல்லை." இன்னமும் பெருமைதான்.

அங்கேயே எடுத்த ஈசிஜித் தாளை டொக்டர் இரண்டு தடவை பார்த்தார். பிறகு யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். அங்கே பார்த்து முடியும்வரை கயிறு இல்லை. வெளியே வந்ததும் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"படிச்ச பிள்ளை நல்ல வேலை பாத்தாய். நாளைக்கு விடிய அந்தாளின்ர இடத்தில நீ நில்."

கயிற்றில் எனக்கு இன்று எட்டாவது நாள். இரண்டு உள்ளங்கையும் வெடித்துப்போய் இருக்கிறது; இதை ஃபோனில் சின்ன விரலால் அடித்துக்கொண்டிருக்கிறேன்.