எலியாவின் பக்கத்து சீட்டு

கேரள எல்லையில், கொல்லயில் ஊர்ப் பக்கம் கிணற்று உறை வேண்டும் என்று யாரிடம் கேட்டாலும் எலியாவின் பெயரைத்தான் சொல்வார்கள். சிமெண்டும் ஜல்லியும் குழைத்து, இரும்பு அச்சில் ஊற்றி, வட்ட வட்டமாக வார்க்கிறவன். அவன் வார்த்த உறையை என் பெட்டி ஆட்டோவில் ஏற்றி அமரவிளை, அதியன்னூர், பாறசாலை என்று கொண்டுபோய் இறக்குகிறவன் நான். பதினேழு வருஷமாக இதுதான். இந்தப் பதினேழு வருஷத்தில் அவன் என்னிடம் பேசியதை எல்லாம் அள்ளிப் போட்டால் ஒரு பெட்டி ஆட்டோ நிறையாது. போன வருஷம் மட்டும் ஆள் நிறையப் பேசினான். எல்லாம் ஒரு காரைப் பற்றி.

காரை வாங்கச் சொன்னது ஜெஸி, அவன் மனைவி. மஸ்கட்டில் ஒரு வீட்டில் படுக்கையோடு கிடக்கும் வயசான அம்மாவைக் கவனித்துக்கொள்கிற வேலை அவளுக்கு. போய் ஒன்பது வருஷம் ஆகிறது. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வருவாள், இருபத்தாறு நாள் இருப்பாள், போவாள். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவன் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை.

கல்யாணம் முடிந்து இருபத்திரண்டு வருஷத்தில் இரண்டு பேரும் ஒரு வண்டியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து போனதே இல்லை என்று ஜெஸிதான் போனில் பேசும்போது கண்டுபிடித்தாள். பஸ் என்றால் அவள் பெண்கள் சீட்டில், இவன் பின்னால் கம்பியில் தொங்கிக்கொண்டு. பைக் என்றால் அவள் இவன் முதுகுக்குப் பின்னால். சொல்வதில் பாதி காற்றோடு போய்விடும். ஏர்போர்ட்டுக்கு வாடகைக் கார் பிடித்தால் இவன் டிரைவர் பக்கத்தில், அவள் பின்னால் அக்கா தங்கச்சிகளோடு.

"ஒரு சின்னக் காரு வாங்குங்க. நீங்க ஓட்டணும், நான் உங்களுக்கப் பக்கத்துல இருக்கணும். எனக்கு அம்மட்டும் போதும்" என்றாளாம்.

ஐம்பத்தொரு வயதில் எலியா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தான். பின்பக்கமாக எடுத்து 'எச்' போடுகிற டெஸ்டில் இரண்டு தடவை கம்பியைச் சாய்த்தான். மூன்றாவது தடவைக்கு முன்னால், என் பெட்டி ஆட்டோவை வாங்கி உறைகளுக்கு நடுவே பின்னால் எடுத்துப் பழகினான். என் பின்விளக்கு உடைந்தது. அவன் பாஸாகிவிட்டான்.

கார் ஜூலையில் வந்தது. வெள்ளை நிறம், புது மாடல், நம் இடுக்கு வழிகளில் போகிற மாதிரி சின்ன வண்டி. பெயரைச் சொல்ல வேண்டாம். ஜெஸி நவம்பர் ஒன்பதாம் தேதி வருகிறாள். அதுவரைக்கும் ஓட்டிப் பழகிக்கொள்வதுதான் அவன் திட்டம்.

ஆகஸ்ட் கடைசியில் கம்பெனியிலிருந்து போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. மலையாளத்தில். உங்கள் வாகனத்தைத் 'திரிச்சு விளிக்குந்நு', அதாவது திரும்பக் கூப்பிடுகிறோம் என்று. வார்த்து விற்ற சாமானில் பழுது கண்டால் கம்பெனி எல்லா வண்டியையும் கூப்பிட்டுக் காசு வாங்காமல் சரிசெய்து கொடுக்கும். அதற்குத்தான் இந்தப் பேர். எலியாவுக்கு அது தெரியாது. அவனுக்குத் தெரிந்த திரிச்சு விளி வேறே. மகளைக் கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை என்றால் தகப்பன் திரும்ப விளிப்பான். விளித்துக் கொண்டுபோனால் பின்னே அனுப்ப மாட்டான்.

செப்டம்பர் நடுவில் நான் உறை ஏற்றப் போனபோது, அடுக்கி வைத்த உறைகளுக்குப் பின்னால் தென்னை ஓலை மலை மாதிரிக் குவிந்து கிடந்தது. அடியில் வெள்ளையாக ஒரு பம்பர் தெரிந்தது.

"எலே, இது என்னலே? காருக்குக் குடிசை கெட்டி வச்சிருக்க?"

"சத்தம் போடாத. கம்பெனிக்காரன் வண்டியத் திருப்பி எடுக்கப் போறான்."

"எதுக்கு? நீ வல்ல தப்பும் செய்தியா?"

"ஒண்ணும் செய்யல்ல. சும்மா இருக்கும்போ திரிச்சு விளிச்சிருக்கான். ரெண்டு மட்டம் போனும் வந்தாச்சு. வண்டிய வித்துப்போட்டேன்னு சொல்லியாச்சு."

"ஆருக்கு வித்தியாம்?"

"மார்த்தாண்டத்துக்காரனுக்கு. பேரு ஓர்மையில்லன்னு சொன்னேன்."

மெசேஜை வாங்கிப் பார்த்தேன். நான் படித்தது ஆறாம் கிளாஸ். பாதிதான் விளங்கியது. ஆனால் 'சௌகர்யமான ஒரு தினம்' எது என்று அதில் கேட்டிருந்தது; வண்டியைப் பிடுங்கிக்கொண்டு போகிறவன் அப்படிக் கேட்க மாட்டான் என்கிற அளவுக்கு விளங்கியது. மறுநாள் ஓலையை எல்லாம் இழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு பேருமாக நெய்யாற்றின்கரை தாண்டி ஹைவேயோரம் இருக்கிற சர்வீஸ் சென்டருக்குப் போனோம். அங்கே அபிலாஷ் என்று ஒரு பையன், பாறசாலைக்காரன். நான் கதவைத் திறந்து இறங்குவதைப் பார்த்து அவன் முகம் மாறியது.

"அண்ணன் அந்த சீட்டுலயா இருந்து வந்தது?"

"பின்ன, இவனுக்க மடியிலயா இருக்க முடியும்?"

அபிலாஷ் பொறுமையாகச் சொன்னான். டிரைவருக்கு இடது பக்கம், முன் சீட்டுக்கு நேரே டாஷ்போர்டுக்குள் ஏர்பேக் இருக்கிறது. வண்டி இடித்தால் அது பலூன் மாதிரி ஊதி வந்து ஆளைக் காக்கவேண்டும். இந்த மாடலில் சில வண்டிகளில் இடிக்காமலேயே அது பொட்டி வெடித்துவிடுகிறது. பொட்டினால் உள்ளே இருக்கிற இரும்புக் கூடு தெறிக்கும்.

"எல்லா வண்டியிலயும் இல்ல. ஆனா எதுல உண்டு, எதுல இல்லன்னு சொல்லப் பற்றாது. பார்ட்ஸ் மாத்துதது வரைக்கும் அந்த சீட்டுல ஆரும் இருக்கக்கூடாது. பின் சீட்டுல இருக்கலாம்."

"அந்த வயரைப் பிடுங்கிப் போடு" என்றேன்.

"தொட்டா அப்பம் பொட்டும், அண்ணே."

எலியா அந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "எப்பம் மாத்துவ?" என்று கேட்டான்.

அபிலாஷ் கம்ப்யூட்டரில் தட்டினான். மறுபடியும் தட்டினான். "இந்த வண்டி வித்துப்போச்சுன்னு இருக்கே, அண்ணே. மார்த்தாண்டம்."

அதோடு போயிற்று. மெசேஜ் வந்த கையோடு போனவர்களுக்கு அந்த வாரமே மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இவன் பெயர் பட்டியலிலிருந்து வெட்டப்பட்டு, வண்டி இவனுடையதுதான் என்று திரும்ப எழுதிக்கொடுத்து, வரிசையில் கடைசியாகப் போய் நின்றது. வந்த பார்ட்ஸ் தீர்ந்துவிட்டது. இனி டிசம்பர், இல்லை ஜனவரி.

"நவம்பர் ஒம்பதுக்கு முன்ன வராதா மோனே?" என்று எலியா கேட்டான். அந்தப் பையனுக்கு அந்தத் தேதி என்ன என்று எப்படித் தெரியும்? வந்தால் விளிக்கிறேன் என்றான்.

அதற்குப் பிறகுதான் எலியா பேச ஆரம்பித்தான். அந்தக் கார் வாங்கினவர்களுக்குப் போனில் ஒரு குரூப் உண்டு. நூற்றெண்பது பேர். நாள் பூரா முறையீடு. பாலராமபுரத்துக்காரருக்கு மழை பெய்தால் பின்கதவு வழியாகத் தண்ணீர் உள்ளே வருகிறது. இன்னொருவருக்கு மைலேஜ் இல்லை. ஒரு டீச்சருக்குப் பாட்டுப் போடுகிற திரை கறுத்துப்போய்விடுகிறது. எலியாவுக்கு எழுத வராது. என் பெட்டி ஆட்டோவில் உட்கார்ந்து குரலில் அனுப்பினான்.

"எனக்கு மைலேஜ் வேண்டாம். பாட்டும் வேண்டாம். தண்ணி வந்தா நான் தொடச்சிருவேன். எனக்கப் பெண்டாட்டி இருக்கதுக்கு ஒரு சீட்டு வேணும். அவ நவம்பர் ஒம்பதாம் தேதியாக்கும் வாறது."

குரூப்பில் எவனோ சிரிக்கிற பொம்மை ஒன்று போட்டான். பிறகு ஒருத்தரும் ஒன்றும் போடவில்லை. பாலராமபுரத்துக்காரர் மட்டும் தனக்கு ஒதுக்கின பார்ட்ஸை இவனுக்குக் கொடுக்கச் சொல்லி சர்வீஸ் சென்டரில் கேட்டுப் பார்த்தாராம். வண்டி நம்பர்படிதான், மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஒன்பதாம் தேதி எலியா தனியாகத்தான் ஏர்போர்ட் போனான். அங்கே நடந்ததை ஜெஸி சொல்லித்தான் கேட்டேன். பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, காரைச் சுற்றிப் பார்த்து, சந்தோஷத்தில் முன்கதவில் கையை வைத்திருக்கிறாள்.

"மூணு வருஷம் கழிச்சு வாறேன், அண்ணே. எனக்க மாப்பிள்ளை எங்கிட்டச் சொன்ன முதல் வாக்கு என்ன தெரியுமா? 'தொடாத!' அங்க நின்ன போலீசுகாரன் திரும்பிப் பாத்தான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவனும் சிரிக்கப் பார்த்தான்.

அவள் பின் சீட்டில், இவன் முன்னால் ஒற்றைக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனால் சபையில் கேலி. "எலியா, மேடம் சம்பளம் ஒழுங்காத் தாறாளா?" என்பார்கள். இவன் தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியை, பின்னால் வருகிற வண்டி தெரிகிற மாதிரி வைக்காமல் அவள் முகம் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்தான். ரோட்டைப் பார்க்காமல் ஓட்டி ஒரு மதிலில் உரசினான். நான் வாயில் வந்தபடி ஏசினேன். கேட்டுக்கொண்டு நின்றான்.

இரண்டாவது வாரம் ஒரு நாள், தனுவச்சபுரம் வழியில் நல்ல மழை. உறை ஏற்றிக்கொண்டு நான் போகும்போது அவன் கார் வழியின் நடுவே நிற்கிறது. ஜெஸி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். இவன் சாவியை உருவிக் கையில் பிடித்துக்கொண்டு மழையில் நிற்கிறான்.

"வெடிக்கும்னா இதுக்குள்ள வெடிச்சிருக்கும். ஏறுங்க. ஓட்டுங்க" என்றாள்.

"நீ பின்ன போ."

"போவமாட்டேன். அண்ணே, நீங்க சொல்லுங்க. ஒம்பது வருஷமா எவளுக்கோ அம்மைக்கக் கட்டிலுக்குப் பக்கத்துல இருக்கேன். எனக்க மாப்பிள்ளைக்கப் பக்கத்துல இருக்க எனக்கு விதியில்லியா?"

நான் ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

எலியா குனிந்து, கண்ணாடி வழியாக, சத்தம் போடாமல் சொன்னான். "உனக்கு வல்லதும் ஆச்சுன்னா நான் ஆரு வருவான்னு நோக்கி இருக்கணும்? இப்பம் மூணு வருஷம்னு ஒரு எல்லையாவது உண்டு."

ஜெஸி கதவைத் திறந்தாள். பிறகு இறங்கி, நனைந்துகொண்டே பின்னால் போய் ஏறினாள்.

அபிலாஷ் விளிக்கவே இல்லை. இவன் விளித்தால் 'இல்ல அண்ணே' என்று ஒரே பதில். இருபத்தைந்தாவது நாள் சாயங்காலம் எலியா என் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்றபடியே சொன்னான்.

"மக்கா, நாளைக்கு நீ ஓட்டணும். ஏர்போர்ட்டுக்கு."

"உனக்கு லைசன்ஸ் உண்டுல்லா? மூணு மட்டம் கெஞ்சி வாங்கின லைசன்ஸ்."

"எனக்குப் பின் சீட்டுல இருக்கணும்."

"பின்னயா? எதுக்கு?"

"அவளுக்கப் பக்கத்துல."

இத்தனை நாளும் இது தோன்றவில்லையா, மண்டா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவன் ஓட்டவேண்டும், அவள் பக்கத்தில் இருக்கவேண்டும் என்றுதானே இரண்டு பேரும் இத்தனை நாள் நினைத்திருந்தார்கள். அதில் பாதியைக் கைவிட்டுவிட்டு வந்து நிற்கிறவனிடம் என்ன கேட்பது?

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். அக்கா தங்கச்சிகளை அவன் வீட்டிலேயே கும்பிடு போட்டு நிறுத்திவிட்டான். டிக்கியில் ஒரு பெட்டிதான் கொண்டது. இன்னொன்றை முன் சீட்டில் வைத்தேன். வண்டியை எடுத்ததும் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. பாரத்தைக் கண்டு ஆள் என்று நினைத்துக்கொண்டு பெல்ட் போடச் சொல்கிறது. பெட்டிக்குப் பெல்ட் போட்டுவிட்டேன். ஜெஸி வாய்விட்டுச் சிரித்தாள்.

"பெட்டிக்குள்ள என்ன உண்டு?" என்று கேட்டேன்.

"மரச்சீனிக் கிழங்கு வற்றலும் மீன் ஊறுகாயும், அண்ணே."

"அப்பம் வெடிச்சா ஊறுகாய் போகட்டு."

பைபாஸில் ஏறின பிறகு பின்னால் பேச்சு தொடங்கியது. நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று வைத்திருந்தேன். காதில் விழுந்ததைத்தான் சொல்கிறேன். மோட்டாரைக் காலையில் மட்டும் போடுங்கள் என்றாள். சரி என்றான். சுகருக்கு மாத்திரை தீருவதற்கு முன்னால் வாங்குங்கள் என்றாள். சரி என்றான். கொஞ்சம் கழித்து, "இதுதானா பக்கத்துல இருக்கது" என்றாள். "இதுதான்" என்றான். "நான் வேற என்னமோ நினைச்சேன்" என்றாள். பிறகு வளையல் சத்தம் கேட்டது.

நான் நாற்பதில்தான் போனேன். லாரிக்காரர்கள் ஹார்ன் அடித்து ஏசிக்கொண்டு கடந்தார்கள். எலியா முன்னால் சாய்ந்து என் தோளைத் தொட்டான்.

"இன்னும் பதுக்கப் போ, லே. அவ உறங்கிட்டா."

முப்பதுக்குக் குறைத்தேன்.

ஜெஸி உள்ளே போன பிறகு அவன் மறுபடி பின் சீட்டில் அதே இடத்தில்தான் ஏறினான். ஓட்டுகிறாயா என்று நான் கேட்கவில்லை.

ஜனவரியில் அபிலாஷ் விளித்தான். பார்ட்ஸ் மாற்றிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். இனி பயமில்லை.

போன மாசம், மார்ச்சில், என் பெட்டி ஆட்டோ உறையோடு அமரவிளையில் படுத்துவிட்டது. ஸ்பேர் வாங்க நெய்யாற்றின்கரை போகவேண்டும். விளித்தேன், எலியா காரோடு வந்தான். நான் முன்கதவைத் திறந்தேன்.

"பின்ன ஏறு" என்றான்.

"சீட்டு சரியாக்கியாச்சுல்லா?"

"சரியாச்சு."

"அப்பம் என்னத்துக்குலே?"

"முதல்ல அவ இருக்கட்டு, அது கழிஞ்சு நீ இரு."

"எலே, அவ வாறதுக்கு இன்னும் ரெண்டேமுக்கால் வருஷம் கிடக்கு."

"ஆமா" என்றான், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

கதவைச் சாத்தினேன். கிரீஸ் பிடித்த கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு பின்னால் போய் ஏறினேன்.