வெல்வெட் ஒட்டாத இடம்

வெல்வெட்டக்காவின் வலது கை மோதிர விரலில் மேல் கணு இல்லை. தகடு வெட்டும் இயந்திரம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. யாராவது அதையே உற்றுப் பார்த்தால், "ஒரு நகம் வெட்டுற வேலை மிச்சம்" என்பார். அன்று அவருடைய வெல்வெட் பட்டறையில் என்ன நிறத் தூள் ஓடியது என்பதை அவர் புருவத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். நீலப் புருவத்தோடு காய்கறி வாங்கி வருவார். சிவப்புப் புருவத்தோடு பக்கத்து வீட்டாரிடம் சண்டை போடுவார்.

நான் பட்டம் வாங்கிய கையோடு முதல் வேலைக்கு வந்தபோது குடியேறிய மாடி அறைக்குக் கீழ்வீட்டில் அவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். அவரும் கணவரும் மட்டும்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான், படித்ததும் வடிவமைப்பு. என் பாடப் புத்தகத்தில், பொருள்களின் மேல் வெல்வெட் ஒட்டும் அக்காவின் தொழிலுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார்கள். பட்டறைக்கு ஒருநாள் போய்ப் பார்த்த பிறகு, அந்தப் பத்தியை எழுதியவர் பட்டறைப் பக்கமே போனதில்லை என்று தெரிந்தது.

தகரக் கூரை, நீள மேசை, அக்காவோடு வேலை செய்ய இரண்டு பெண்கள். பொருளின் மேல் பசை தடவுவார்கள். பொருளில் ஒரு கம்பியை மாட்டுவார்கள். சல்லடை வாய் வைத்த கைக்கருவியில் நைலான் தூளை நிரப்பி மின்சாரத்தைப் போட்டு மேலே காட்டினால், தூள் தூளாக விழாது; ஒவ்வொரு இழையும் குதித்துப் போய்ப் பசையில் செங்குத்தாக நிற்கும். நாற்று நடுவது போலத்தான். ஆனால் ஒரே மூச்சில் ஒரு லட்சம் நாற்று. அப்போது பக்கத்தில் நிற்பவரின் கை ரோமமும் எழுந்து நிற்கும். பார்க்கப் பகட்டாக இருக்கும் இந்த வெல்வெட்டுக்குள் இருப்பதெல்லாம் காரியம். மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் கீறல் விழாமல் இருக்க, கார் தட்டில் போட்ட சாவி கடகடக்காமல் இருக்க, தொங்கவிட்ட சட்டை நழுவாமல் இருக்க. கேமரா பெட்டிக்குள் அடிக்கும் கறுப்பு வேறு ரகம். உள்ளே போன வெளிச்சம் திரும்பி வராது.

பட்டறையில் ஒரே ஒரு சட்டம். பசை தடவுவதற்கு முன்னால் பொருளை வெறுங்கையால் தொடக்கூடாது. விரலில் இருக்கும் பிசுக்கு பட்டுவிட்டால் அந்த இடத்தில் பசை பிடிக்காது. காய்ந்த பிறகு இழைகள் உதிர்ந்து, தொட்டவர் விரல் அப்படியே வழுக்கையாகத் தெரியும். அதற்கு அக்கா வைத்த பெயர் கள்ளக்கை. பிசுக்கு எடுக்கும் தின்னரால் துடைக்காமல் அவர் எதையும் மேசையில் ஏற்றியதில்லை, தன் வீட்டுச் சுவர் ஒன்றைத் தவிர.

அவருடைய கணவர் பேருந்து ஓட்டியவர். எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். வண்டியை விட்டு இறங்கி இரண்டு வருடம் ஆகியும் டிரைவர்தான். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, ஓரங்களிலிருந்து பார்வை சுருங்கி, கடைசியில் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சின. அக்கா பட்டறைக்குப் போனால் திரும்பி வரும்வரை அவர் கட்டிலை விட்டு இறங்க மாட்டார். ஒருமுறை இறங்கினார். கழிவறைக் கதவென்று நினைத்து அலமாரியைத் திறந்ததில், மேலே இருந்ததெல்லாம் தலையில் விழுந்தது.

அதைக் கேள்விப்பட்டு டிரைவரின் கூடப்பிறந்த அக்கா வந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல், தம்பி மேல் அதைவிடப் பெரிய பாசம்.

"நீ வேலைக்குப் போகாம இருக்க முடியாது, எனக்குத் தெரியும். அதனால இவன நான் கூட்டிட்டுப் போறேன்."

"அண்ணி, அங்க போனா அவருக்கு யாரு பேச்சுத்துணை?"

"இங்க மட்டும் யாரு, அலமாரியா?"

டிரைவர் கட்டிலிலிருந்தே சொன்னார். "அக்கா, அங்கயும் எனக்குக் கட்டில்தான். இந்தக் கட்டிலாவது பழகின கட்டில்."

"சரிடா. ஒரு மாசம். நான் வந்து மணி அடிப்பேன். உன் பொண்டாட்டி கை பிடிக்காம நீயா நடந்து வந்து கதவத் தொறக்கணும். இல்லன்னா அன்னைக்கே பெட்டி கட்டிடுவேன்."

நாத்தனார் போன பிறகு வெல்வெட்டக்கா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்கட்டில் படுக்கையறை, முன்னால் கூடம், இடையில் நீளமான ஒரு நடை. நடையின் வலதுபுறத்தில் முதலில் கழிவறை, பிறகு சமையலறை. மறுநாள் விடுமுறை. கருவியை வீட்டுக்குத் தூக்கி வந்தார். சுவரில் மின்சாரம் ஓட வேண்டுமென்று உப்புத் தண்ணீர் கலந்த பூச்சு பூசி, கம்பியைத் தண்ணீர்க் குழாயில் மாட்டி, கை உயரத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பச்சை வெல்வெட் பட்டை அடித்தார். நேர் வழிக்கு நீள இழை. கழிவறை வாசலில் சொரசொரவென்று குட்டை இழை. சமையலறை வாசலில் அதைவிட மிருதுவான ஒன்று, பூனையின் காது மாதிரி. ஒருநாளில் முடிக்க வேண்டிய அவசரம். வீட்டுச் சுவர்தானே என்று தின்னரை எடுக்கவில்லை.

மூன்றே நாளில் டிரைவர் நடக்க ஆரம்பித்துவிட்டார். வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு சமையலறைக்குள் திரும்புவார். "கூட்டமே இல்லாத ரோடு. இப்படி ஒரு ரோட்ட இருபது வருஷம் தேடுனேன்" என்று என்னிடம் சொன்னபோது முகம் விரிந்திருந்தது. மாலையில் அக்கா வந்து பட்டையைப் பார்ப்பார். நீள இழை கை போன பக்கம் சாய்ந்திருக்கும். எத்தனை முறை தண்ணீர் குடிக்கப் போனார் என்பதைக்கூட அதில் படித்துவிட்டு, தூரிகையால் நிமிர்த்தி வைப்பார்.

இரண்டாவது வாரம் இழை உதிர ஆரம்பித்தது.

முதலில் நான்கு கோடுகள். படுக்கையறை வாசலிலிருந்து கிளம்பி, விரல் விரலாக, நடை முழுக்க ஓடின. டிரைவரின் கை போகும் உயரத்துக்கு நான்கு விரற்கடை கீழே. அவரைவிடக் குள்ளமான யாரோ சுவரைத் தடவிக்கொண்டே வருடக்கணக்காக நடந்த பிசுக்கு, மேலே அடித்த பெயின்டையும் தாண்டி வந்திருந்தது. சமையலறை வாசலைத் தாண்டி, கூடத்துக்குப் போகும் வழியில், கோடுகள் நின்ற இடத்தில் ஒரு முழு உள்ளங்கை. ஐந்து விரலும் பிரிந்து, அழுத்தமாக.

"கள்ளக்கை. துடைக்காம அடிச்சேன்ல, எனக்கு வேணும்" என்றார் அக்கா. பட்டறையில் மற்றவர்களைத் திட்டுகிற அதே வார்த்தைகளில் தன்னையும் திட்டிக்கொண்டார். அதோடு அது முடிந்திருக்கும்.

ஆனால் டிரைவர் அந்த இடத்தில் நிற்க ஆரம்பித்தார். கூடத்துக்குப் போகும்போது கை அந்த வழுக்கையைத் தொட்டதும் நின்றுவிடுவார். உள்ளங்கையால் சுவரில் இரண்டு தட்டு. பிறகு கொஞ்ச நேரம் காத்திருப்பார். யாரும் வராவிட்டால் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒருக்களித்து நகர்ந்து கூடத்துக்குப் போவார். திரும்பி வரும்போதும் அந்த இடத்தில் சுவரோடு சுவராகத்தான் வருவார்.

"ஏங்க, எதுக்கு அங்க நின்னு தட்டுறீங்க?"

"தட்டுறேனா?"

"ரெண்டு தடவ."

அவர் யோசித்தார். "கை நிக்கச் சொல்லுது. யாராவது வந்து ஏதோ சொல்லணும். என்னன்னுதான் தெரியல."

அக்கா பயந்தார். பயம் சுவரைப் பார்த்து அல்ல, நாத்தனாரை நினைத்து. பாதி வழியில் நின்று சுவரோடு பேசுகிற தம்பியைப் பார்த்தால் அவர் ஒரு நொடிகூட விட்டு வைக்க மாட்டார். கெடுவுக்கு நான்கு நாள் இருந்தபோது அக்கா அந்தப் பகுதியைச் சுரண்டி எடுத்தார். தின்னரால் மூன்று முறை துடைத்து, புதிதாகப் பூச்சு கொடுத்து, மறுபடி அடித்தார். காய்ந்ததும் தடவிப் பார்த்தேன். எங்கே கை இருந்தது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை.

வெல்வெட்டின் மேல் தட்டினால் சத்தம் கேட்காது. பொத்தென்று அமுங்கிவிடும். அதனால்தான் மறுநாள் பகலில், மாடியில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது கீழே இருந்து டக் டக் என்று கேட்டதும் என் கை நின்றது. வெறும் சுவரில் கை படும் சத்தம். இறங்கிப் போனேன். டிரைவர் கட்டிலில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பட்டை முழுசாகத்தான் இருந்தது. நான் அக்காவிடம் சொல்லவில்லை. படித்தவன் என்று என் பேச்சுக்கு அந்த வீட்டில் ஒரு மதிப்பு இருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

கெடு நாள் காலை. அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நடையின் தரையில் பச்சை இழை குவிந்து கிடந்தது, யாரோ மயிர் வழித்தது போல. மேலே அதே உள்ளங்கை, அதே ஐந்து விரல்.

"எண்ணெய் சுவத்துக்குள்ள ஊறியிருக்கும். அதுதான் வெளிய வருது" என்றார், நான் கேட்காமலே. பிறகு கணவரிடம் போனார். "ஏங்க, இன்னைக்கு ஒரு நாள் நிக்காம வந்துடுங்க. தட்டாதீங்க. உங்களக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

"முயற்சி பண்றேன்" என்றார் அவர். அதைச் சொல்லும்போது கையைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்.

மணி அடித்தது. அக்காவும் நானும் சமையலறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். டிரைவர் படுக்கையறையிலிருந்து கிளம்பினார். கழிவறை வாசலைத் தாண்டினார். எங்களைத் தாண்டினார். சுவரிலிருந்த உள்ளங்கையில் கை பட்டது. நின்றார். டக், டக்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். மணி மறுபடி அடித்தது. கொஞ்சம் காத்திருந்துவிட்டு, டிரைவர் சுவரோடு ஒருக்களித்து நகர்ந்து, கூடத்தைக் கடந்து, தாழ்ப்பாளைத் தடவிப் பிடித்துக் கதவைத் திறந்தார்.

"வாக்கா."

வாசலில் நின்றவருக்குச் சந்தோஷமில்லை. கதவுப் பக்கத்து ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

"கதவத் தொறந்துட்ட, சரி. நடுவுல எதுக்குடா நின்ன? சுவத்துல யாரக் கூப்பிட்ட?"

"தெரியலக்கா."

"தெரியலையா? கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன். ஏம்மா, இப்படித்தான் இவன் நாள் பூரா தனியா சுவத்தோட பேசிட்டு இருக்கானா? அப்படி என்னடா இருக்கு அங்க?" என்று கேட்டபடியே நடைக்குள் விறுவிறுவென்று நடந்து வந்தார். நடையின் நடுவில்.

உள்ளங்கைக்கு இரண்டு எட்டு முன்னால் தரை உடைந்தது. ஓடு நொறுங்குகிற சத்தம், அதற்குக் கீழே எங்கோ ஆழத்தில் கல் விழுகிற சத்தம். ஒரு கால் இடுப்புவரை உள்ளே போய்விட்டது. டிரைவர்தான் முதலில் ஓடினார். சுவரோடு ஒட்டி வந்து, குரல் வந்த திசையில் குனிந்து, தன் அக்காவின் கையைப் பிடித்தார். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து மேலே தூக்கினோம்.

வீட்டின் சொந்தக்காரர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த இடத்தில் முன்பு தரைக்குள் தண்ணீர்த் தொட்டி இருந்ததாம். ஆள் உயர ஆழம். பலகை போட்டு மூடி, மேலே ஓடு பதித்துவிட்டார்கள். பலகை உளுத்துவிட்டது.

"எங்க சித்திதான் இந்த வீட்ல இருந்தாங்க. கடைசிப் பத்து வருஷம் கண்ணு தெரியாது. சுவத்தப் பிடிச்சிட்டே வருவாங்க. இங்க நின்னு ரெண்டு தட்டு தட்டுவாங்க. யாராவது வந்து தொட்டி மூடியிருக்கான்னு பாத்து, 'தாண்டலாம்'னு சொன்னாத்தான் கால எடுத்து வைப்பாங்க."

கூடத்தில் காலுக்குக் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த நாத்தனார் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "கண்ணு இருக்கிற நான் விழுந்தேன். அது இல்லாதவன் என்னத் தூக்குனான்." பிறகு வெல்வெட்டக்காவின் பக்கம் திரும்பினார். "பெட்டி கட்டத்தான் போறோம். ஆனா என் வீட்டுக்கு இல்ல. இந்த வீட்ட விட்டு ரெண்டு பேரும் கெளம்புங்க. அவன் உன்கூடவே இருக்கட்டும்மா."

இரண்டு தெரு தள்ளி வீடு கிடைத்தது. புதுக் கட்டடம், அவர்களுக்கு முன்னால் அதில் யாரும் குடியிருந்ததில்லை. ஒரே ஒரு குறை, கூடத்துக்கு முன்னால் ஒரு படி இறங்க வேண்டும். அக்கா இந்த முறை சுவர் முழுவதையும் தின்னரால் துடைத்தார். பசை தடவுவதற்கு முன்னால், படிக்கு இரண்டு எட்டு தள்ளி நின்று, வலது கையில் எண்ணெய் தேய்த்து, சுவரில் அழுத்திப் பதித்தார். இருபது வருடமாக மற்றவர்களைத் திட்டிய தப்பை வேண்டுமென்றே செய்கிறார் என்று கிண்டல் செய்தேன்.

"தப்பா? இனி இதுவும் டிசைன்தான். உங்க புத்தகத்துல சேத்துக்கச் சொல்லுங்க" என்றார்.

மறுநாள் உதிரித் தூளை ஊதி எடுத்தோம். பச்சைப் பட்டையின் நடுவில் உள்ளங்கை பளிச்சென்று வந்திருந்தது. டிரைவர் நடந்து வந்தார். தொட்டார். நின்றார். அதன் மேல் தன் விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். மோதிர விரலில் கொஞ்சம் அதிக நேரம்.

"இது உன் கை இல்லையே" என்றார்.

நாங்கள் பார்த்தோம். ஐந்து விரலும் முழுசாக இருந்தன, மோதிர விரலும்.

அவர் பயந்ததாகத் தெரியவில்லை. சுவரில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, பழகிப்போன பொறுமையோடு காத்து நின்றார். அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, படியைக் குனிந்து பார்த்தார்.

"தாண்டலாம்" என்றார்.

டிரைவர் இறங்கிக் கூடத்துக்குப் போய்விட்டார். அக்கா மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார், பின்னால் வரும் ஒருவருக்கு வழிவிட்டு நிற்பதுபோல, சுவரோரமாக.