மெய்யப்பனின் முதலிடம்

தந்தி காலை பத்து மணிக்கு வந்தது. மெய்யப்பன் காலமாகிவிட்டார் என்ற செய்தி. அன்று பிற்பகல் தபாலில் மெய்யப்பனே எழுதிய கார்டும் வந்தது. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கார்டில் மை கூடக் கலையவில்லை.

நண்பர்களே, அந்தக் கார்டு உங்கள் மூவருக்கும் வந்திருக்கும். மார்கழி பிறந்தால், அந்த வருடம் தாம் கேட்ட ராக், பாப் இசைத்தட்டுகளில் சிறந்த பத்தை வரிசைப்படுத்தி, காரைக்குடியிலிருந்து நம் நால்வருக்கும் எழுதுவார். இசைக்குழுக்களின் பெயரை உள்ளபடி எழுதும் வழக்கம் அவருக்கில்லை. ‘தாடிக்காரக’, ‘அழுகுற கிதாரு’, ‘டிரம்ஸுல தூங்குற பய’ என்று தாமே வைத்த பெயர்கள்தாம். ஏன் பத்தோடு நிறுத்துகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “பத்துக்கு மேல போனா மனசுல நிக்காதுங்க. சும்மா காதுல விழுந்துட்டுப் போயிரும்” என்றார். பட்டியலில் ஒன்பது இடங்கள் வருடா வருடம் மாறும். முதலிடம் மட்டும் ஒரே தட்டுக்குத்தான், நீல உறைக்கு. பிடிவாதம் என்று நீங்கள் கேலி செய்திருக்கிறீர்கள். காரணம் எனக்குத் தெரியும். இத்தனை நாள் சொல்லவில்லை.

அறுபதுகளின் கடைசியில் மின்சார இலாகாவில் மாற்றலாகிக் காரைக்குடிக்கு வந்தேன். வோல்டேஜ் குறைகிறது என்று புகார் கொடுத்திருந்தவர் வீட்டுக்குப் போனால், ஆள் அரவமில்லாத பெரிய வளவு, நடுவில் முற்றம் வைத்த செட்டிநாட்டு வீடு. நல்ல மத்தியானம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒருவர் கண்ணை மூடிச் சம்மணமிட்டிருந்தார். எதிரே ரெக்கார்டு பிளேயர். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல ஓர் ஆண்குரல் இங்கிலீஷில் பாடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொல்லும் பின்கட்டு வரை போய்த் திரும்பி வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

“யாருங்க பாடுறது?” என்றேன்.

“என் தம்பி” என்றார்.

தம்பி நாச்சியப்பன் சரக்குக் கப்பலில் குமாஸ்தா. அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் அந்தப் பிளேயரையும், அதற்கான டிரான்ஸ்பார்மரையும், நாலைந்து தட்டுகளையும் வாங்கி அண்ணனுக்கு அனுப்பினான். பெட்டி வந்து சேர்ந்தது. அவன் வரவில்லை. ஒருநாள் காலையில் கப்பலில் ஆளைக் காணோம், உடலும் கிடைக்கவில்லை. அவன் அனுப்பியவற்றில் ஒன்றுதான் நீல உறை. படம் கிடையாது. தட்டின் நடுவில் ஒட்டிய காகிதமும் கிழிந்திருந்தது.

“எனக்குப் பைத்தியம் புடிக்கலைங்க” என்றார் மெய்யப்பன். “பாடுறது எவனோ வெள்ளைக்காரன்தான். ஆனா குரலு நாச்சியப்பனுது. இவனுக்கு அது எப்படி வந்துச்சுன்னுதான் தெரியலை.”

அவர் மனைவி சிவகாமி ஆச்சி காப்பியை வைத்துவிட்டு மெல்லச் சொன்னார்: “எங்க கொழுந்தன் பேசுற மாதிரியேதாண்ணே இருக்கும். இது பாடுறப்ப நான் தனியா வளவுல நடக்க மாட்டேன்.”

அந்த வீட்டில் எல்லாப் பாட்டும் இழுத்து இழுத்துத்தான் வரும். ராக் இசையே அப்படித்தான் என்று நானும் நம்பினேன். மற்றத் தட்டுகளின் பாட்டு ஏதாவது சிலோன் ரேடியோவில் வேகமாக வந்தால் மெய்யப்பனுக்குக் கோபம் வரும். “ரேடியோக்காரனுக்கு என்ன அவசரம்? விளம்பரத்துக்கு நேரம் பத்தலைன்னு பாட்டை வெரட்டுறான்” என்பார். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறேன். மின்சாரம் படித்தவன் என்று வெளியில் சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து, சென்னையில் தெரிந்தவர் வீட்டில் அதே நீல உறையைப் பார்த்தேன். போடச் சொன்னேன். அதே பாட்டுகளை இருபது வயதுகூட இருக்காத பெண் ஒருத்தி துள்ளித் துள்ளிப் பாடினாள். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அமெரிக்கக் கரண்டு விநாடிக்கு அறுபது முறை துடிக்கும், நம்முடையது ஐம்பது. டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைக் குறைக்குமே தவிர, துடிப்பை மாற்றாது. அதனால் மெய்யப்பனின் மோட்டார் மெதுவாகச் சுற்றியது, குரல்கள் எல்லாம் இறங்கிப்போயின. அந்தப் பெண் நாச்சியப்பன் ஆனது அப்படித்தான்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஒன்று தப்பாக ஓடுகிறது என்று தெரிந்தால் சரிசெய்யாமல் தூக்கம் வராது. லேத் பட்டறையில் பித்தளையில் ஒரு சின்ன வளையம் கடைந்து வாங்கிப்போய், தட்டைச் சுழற்றும் மோட்டார் தண்டில் மாட்டி அதன் பருமனைக் கூட்டினேன். வேகம் சரியாகிவிட்டது. நானே பெருமையோடு நீல உறைத் தட்டைப் போட்டேன். வளவு முழுக்க அந்தப் பெண் பாடினாள். மெய்யப்பன் கடைசிப் பாட்டு வரை அசையவில்லை. பிறகு ஊசியைத் தூக்கி வைத்தார்.

“புள்ள நல்லாப் பாடுதுங்க” என்றார். “நீங்க நல்ல வேலைக்காரரு.”

படுபாவி நான், அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. திருப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த மார்கழிக் கார்டிலும் நீல உறையே முதலிடம் என்றதும் நிம்மதியாகிவிட்டது. பிறகு வேறு ஊருக்கு மாற்றலானேன்; அதன்பின் எப்போது போனாலும் எல்லாப் பாட்டும் சரியான வேகத்தில்தான் ஓடின.

தந்தியன்று வந்த கார்டில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். உங்கள் கார்டுகளில் இந்த வரி இருந்திருக்காது. ‘முதலிடம் நீல உறை. இந்த வருசம் அதுல தம்பி குரலுக்கு அடியில இன்னொரு குரலும் கேக்குது. யாருன்னு பிடிபடலை. நீங்க வந்து கேட்டுச் சொல்லணும்.’

தம்பி குரல் என்று எழுதியிருந்ததே எனக்குப் புரியவில்லை. அதைத்தான் நான் பல வருடங்களுக்கு முன்பே அழித்துவிட்டேனே.

காரியம் எல்லாம் முடிந்தபின் சிவகாமி ஆச்சி என்னை வளவுக்குக் கூப்பிட்டார். துணியில் முடிந்த ஒன்றைக் கையில் வைத்தார். என் பித்தளை வளையம்.

“நீங்க வாரீகன்னு தெரிஞ்சா மாட்டுவாக. நீங்க தெருமுனை தாண்டுனதும் கழட்டிருவாக” என்றார். “ஆசையாச் செஞ்சு கொண்டாந்தாரு, அவரு மனசு நோகக் கூடாதும்பாக.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆச்சி எதிரிலேயே அழுதேன்.

பிறகு, கார்டில் கேட்டிருந்தாரே என்று, வளையம் இல்லாமலே தட்டைப் போட்டேன். நாச்சியப்பன் பாடினான். அந்தப் பழைய கிணற்றுக் குரல் வளவைச் சுற்றி வந்தது. கடைசிப் பாட்டில், அந்தக் குரலுக்கு அடியில், இன்னொன்று சேர்ந்துகொண்டது. அவசரமே இல்லாத குரல். ரேடியோக்காரனைத் திட்டும்போது கேட்ட அதே குரல்.

“ஆச்சி, ரெண்டாவது குரல் கேக்குதா?”

“இல்லையேண்ணே. எப்பவும் போலத்தான இருக்கு.”

உயிரோடு இருந்தபோதே அவர் அதைக் கேட்டிருக்கிறார். யாரென்று மட்டும் பிடிபடவில்லை. நான் பிளேயரைப் பார்த்து வாய்விட்டே சொன்னேன்: “அது நீங்கதான், மெய்யப்பன்.” பாட்டு முடிந்தது. ஊசி தேயும் சத்தம் மட்டும் கேட்டது.

தட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார் ஆச்சி. வேண்டாம், அது இங்கேயே இருக்கட்டும் என்றேன். வளையத்தை மட்டும் வாங்கி வந்தேன். அது என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. இனி யாரும் அதை அந்தத் தண்டில் மாட்டிவிடக் கூடாது.